விட்ட சிகரெட் சாவு வீட்டில் திரும்பி வந்தது: மறுபடி விடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. காசிமேட்டில் இருக்கும் 38 வயதுத் தம்பி ஒருவர், கன்டெய்னர் யார்டில் வேலை. போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டபோது சிகரெட்டை விட்டார். மாலை கழட்டிய பிறகும் எட்டு மாதம் தொடவில்லை. போன மாதம் நண்பனின் அப்பா இறந்த ராத்திரி ஒன்று பிடித்தார். இப்போது நாளுக்குப் பத்து. "எங்க செட்டு மொத்தமும் பிடிக்கிறவங்கதான். டீக்கடை, கேரம் கிளப், டாஸ்மாக், சாவு, கல்யாணம், எங்க போனாலும் கையில நீட்டுறாங்க. பசங்களை விடாம சிகரெட்டை மட்டும் விட முடியுமா? ஒரு தடவை தோத்தவன் மறுபடி விட முடியுமா? இல்ல, அடுத்த கார்த்திகை வரைக்கும் பொறுத்திருந்து மாலை போடும்போதே விட்டுடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முடியும். சிகரெட்டை நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் கிடையாது. அதிலும் முன்பு மாதக் கணக்கில் நிறுத்தியிருந்தவருக்கு, ஒரு வாரம்கூட நிறுத்திப் பார்க்காதவரைவிட அடுத்த முறை வாய்ப்பு அதிகம். வடசென்னையில் புகை, புகையிலையை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் பல வருஷமாக இருக்கிறேன். மறுபடி விழுந்துவிட்டு வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே வருவார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் நம்பிக்கைதான் வரும். எங்கே வழுக்கும் என்று அவர்களுக்கு இடம் தெரியும், நேரம் தெரியும், யார் கையிலிருந்து வந்தது என்றுகூடத் தெரியும். முதல் முறை வருகிறவரிடம் அந்த விவரம் இருக்காது.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். மாலை போட்டிருந்தபோது கஷ்டமே தெரியவில்லை என்று. அதில்தான் எல்லாம் இருக்கிறது. வருஷக் கணக்காகப் பிடித்தவருக்கு, கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் எப்படிக் கஷ்டம் தெரியாமல் போனது? ஐயப்பன் மேல் உள்ள பக்தி பெரிய பலம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த நாட்களில் டீக்கடையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கருப்பு வேட்டியோடு நீங்கள் போய் நின்றதும் "வா சாமி" என்றார்கள். மாஸ்டர் கிளாஸை இன்னொரு தரம் அலசிவிட்டு டீ ஊற்றினார். பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான், அல்லது நாலடி தள்ளிப்போய் நின்றான். நீட்டினவன் ஒருத்தன்கூட இல்லை. பாருக்கு யாரும் கூப்பிடவில்லை. அந்த ஒரு மண்டலம் முழுக்க "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய அவசியமே உங்களுக்கு வரவில்லை. ராயபுரத்தில் தவக்காலத்துக்கு விடுகிறவர்களும், மண்ணடியில் நோன்பு பிடிக்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். சுற்றியிருக்கிறவர்கள் சேர்ந்து காவல் காக்கிறார்கள், அதனால் நாள் போவது தெரிவதில்லை.

மாலையைக் கழட்டிய மறுநாளே அந்தக் காவல் போய்விட்டது. நேற்றுவரை கையை மறைத்தவனே இன்றைக்குப் பாக்கெட்டைத் திறந்து நீட்டுகிறான். அவன் கெட்டவன் இல்லை. உங்கள் விரதம் முடிந்தது என்று நினைக்கிறான், அவ்வளவுதான். அதன் பிறகு நாளுக்கு நாலைந்து முறை, எட்டு மாதம், நீங்கள் தனியாக நின்று மறுத்திருக்கிறீர்கள். ஊரே தாங்கியதைத் தனி ஆளாகத் தாங்கினீர்கள். ஒரு ராத்திரி, தூக்கமில்லாமல், துக்கத்தில், நீட்டியவர் முகத்தைப் பார்த்து வாங்கிவிட்டீர்கள். இதற்கு மன உறுதி இல்லாதவன் என்று பேர் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த முறை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மாலை இல்லாமலே அந்தக் காவலை உங்கள் செட்டிடமிருந்து கேட்டு வாங்குவது. மருந்தும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். ஆனால் உங்களைப் போன்றவருக்கு இதுதான் முக்கியம்.

சிகரெட் ஆசை எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். மணலி சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் உங்கள் கூட்டாளி யாரையாவது கேளுங்கள். அந்த மாதிரி ஆலைகளில் தீப்பெட்டி, லைட்டர், சிகரெட் எதுவும் கேட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. நாளெல்லாம் பிடிக்கிறவர் எட்டு மணி நேரம் உள்ளே சும்மா இருக்கிறார், நினைப்புகூட அவ்வளவாக வருவதில்லை. ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் மனசு துடிக்க ஆரம்பிக்கிறது, வெளியே வந்ததும் கால் தானாகப் பெட்டிக்கடைக்குப் போகிறது. ரத்தத்தில் நிகோட்டின் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் போதும். உடம்பின் தேவை மட்டும்தான் காரணம் என்றால் அவர் உள்ளே இருக்கும்போதே தவித்திருக்க வேண்டும்.

இஸ்ரேலில் விமானப் பணியாளர்களை வைத்து இதையே ஒரு ஆய்வாகச் செய்து 2010-ல் வெளியிட்டார்கள். புகைப்பழக்கம் உள்ள அதே ஆட்கள் குறுகிய பயணத்திலும், 10 மணி நேரத்துக்கு மேல் போகும் நீண்ட பயணத்திலும் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்று நேரம் பிரித்துக் குறித்துக்கொண்டார்கள். குறுகிய பயணம் முடியும் நேரத்தில் ஆசை உச்சத்தில் இருந்தது. நீண்ட பயணத்தில் அதே அளவு நேரம் கடந்தபோது அவ்வளவு இல்லை, ஏனென்றால் இறங்க இன்னும் பல மணி நேரம் இருந்தது. பிடித்து எவ்வளவு நேரம் ஆச்சு என்பதைவிட, அடுத்தது எப்போது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புதான் ஆசையைக் கிளப்பியது. மாலை போட்டிருந்தபோது உங்களுக்கு எதிர்பார்ப்பே இல்லை. கழட்டிய பிறகு ஒவ்வொரு டீயும் ஒரு எதிர்பார்ப்பு.

இன்னொன்றும் உண்டு. நிகோட்டினுக்காக மூளையில் கூடுதலாகப் பெருகிய ஏற்பிகள், அதாவது நிகோட்டின் வந்து ஒட்டும் இடங்கள், 6 முதல் 12 வாரத்துக்குள் புகைக்காதவர் அளவுக்குத் திரும்பிவிடுவதை மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். முதல் மூன்று நாளில் வரும் எரிச்சலும் தவிப்பும் மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் எதிரில் ஒருத்தன் பற்றவைப்பதைப் பார்த்ததும் சுரீரென்று எழும் ஆசை இருக்கிறதே, அது அந்த வேகத்தில் குறையாது. முதல் ஒரு மாதத்தில் அது கொஞ்சம் ஏறக்கூடச் செய்கிறது. எட்டு மாதம் கழித்தும் சாவு வீட்டில் அது வந்ததற்கு இதுதான் காரணம். வந்தது என்பதற்காக நீங்கள் இன்னும் அடிமையாகவே இருந்தீர்கள் என்று அர்த்தம் இல்லை.

ஒன்று எப்படிப் பத்தாக ஆனது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிஜமான சேதம் அங்கேதான் நடந்தது. அன்று ராத்திரி பிடித்தது ஒன்று. மறுநாள் காலையில் "அதான் நேத்தே பிடிச்சாச்சே" என்று இன்னொன்று. காரியத்தன்று நாலு. அதற்கப்புறம் கணக்கு இல்லை. இழுத்த 10, 20 நொடியில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. பழைய பாதை அங்கே அழியாமல் இருப்பதால் ஒன்று பிடித்ததுமே அடுத்ததற்கு ஆசை வரும், அது உண்மை. ஆனால் உங்களை இழுத்துக்கொண்டு போனதில் பெரிய பங்கு "போச்சு, எல்லாம் வீணாப்போச்சு" என்ற நினைப்புக்குத்தான். யாரிடமும் சொல்லாமல் மறைத்தீர்கள் அல்லவா? மறைத்த இடத்தில் அது வளர்ந்தது. இனி ஒருவேளை ஒன்று பிடித்துவிட்டால் பாதியிலேயே அணைத்துவிடுங்கள், அந்த இடத்தைவிட்டு நகருங்கள், அதே மணி நேரத்துக்குள் ஒருவரிடம் சொல்லுங்கள். மனைவியிடமோ, நண்பனிடமோ, உதவி எண்ணிலோ. விட்ட தேதியை மாற்ற வேண்டாம். ஆனால் "எப்பவாவது ஒண்ணு" என்ற ஏற்பாடு உங்களுக்குச் சரிப்படாது, அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு இழுப்பும் வேண்டாம் என்பதுதான் கடைப்பிடிக்க எளிது. எப்பவாவது என்று வைத்தால் ஒவ்வொரு தடவையும் மனசோடு வழக்காட வேண்டும்.

இனி மருந்து. நாளுக்குப் பத்து என்றாலும், காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் உடம்புப் பிடிப்பு பலமாகத்தான் இருக்கிறது. மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங் கம் சீட்டில்லாமலே தருவார்கள். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் "கம் போட்டேன், வேலைக்கு ஆகல, நெஞ்சு எரிஞ்சுது, விக்கல் வந்துச்சு" என்பார்கள். போட்டுக் காட்டச் சொன்னால் பபிள் கம் போல மென்றுகொண்டே இருப்பார்கள். அப்படி மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும், பலன் இருக்காது, எரிச்சல்தான் மிச்சம். மெதுவாக நாலைந்து தடவை மெல்லுங்கள். மிளகு கடித்தது போலச் சுருக்கென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். சுருசுருப்பு போனதும் மறுபடி நாலைந்து மெல்லல், மறுபடி ஒதுக்கல், இந்த முறை அடுத்த பக்கம். இப்படி அரை மணி நேரம். மருந்து வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, கூல்டிரிங்ஸ் கூடாது, வாயில் இருக்கும்போதும் கூடாது. முதல் சில வாரம் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று போட்டு, மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். ஆசை வந்த பிறகு தேடுவதைவிட, வரும் என்று தெரிந்த இடத்துக்குப் போவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோடு கம்மையும் சேர்த்துப் பயன்படுத்தினால் தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரெனிக்ளின் மாத்திரையும் பலமானது. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, மொத்தம் 12 வாரம் சாப்பிட வேண்டும். சிலருக்குக் குமட்டலும் விசித்திரமான கனவுகளும் வரும். புப்ரோபியான் என்று இன்னொரு மாத்திரை உண்டு, வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. போன முறை மருந்தே இல்லாமல் விட்டீர்கள், இந்த முறையும் வேண்டாம் என்று வீம்பு பிடிக்காதீர்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் கம்முக்குக்கூட டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

டீயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரியாத விஷயம் இது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, டீயிலும் காபியிலும் உள்ள காஃபீனைச் சீக்கிரமாகக் கரைக்க வைக்கின்றன. புகையை நிறுத்திய சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடும். அதே ஆறு டீ குடித்தால் உடம்பில் தங்கும் காஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கை நடுங்கும், படபடப்பு வரும், தூக்கம் போகும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். சிகரெட்டை விட்டதால் வந்தது என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஒன்றைப் பற்றவைத்தவர்கள் உண்டு. விட்ட நாளிலிருந்து டீயைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம்.

டீக்கடைக்கே போகாதே என்று யாராவது சொன்னால் அவருக்கு நம் பக்கம் தெரியாது. வேலை விஷயம், கடன் விஷயம், பொண்ணு பார்க்கிற விஷயம் எல்லாம் அங்கேதான் நடக்கிறது. முதல் இரண்டு வாரம் மட்டும் பார்சல் வாங்கிக்கொண்டு போங்கள், அல்லது வேறு கடையில் குடியுங்கள். அதற்குப் பிறகு உங்கள் கடைக்கே போங்கள், ஆனால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். எல்லாப் பெட்டிக்கடையிலும் சிகரெட் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு லைட்டர் நூலில் கட்டித் தொங்கும், அதைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அந்தப் பக்கம் நிற்காமல் பாய்லர் பக்கம் நில்லுங்கள். டீ கிளாஸை இடது கையில் பிடித்துத்தான் உங்களுக்குப் பழக்கம், வலது கை சிகரெட்டுக்கு. கிளாஸை வலது கைக்கு மாற்றுங்கள். கேட்க அற்பமாக இருக்கும், செய்து பாருங்கள். டீ முடிந்ததும் காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். காலி கிளாஸோடு நிற்கும் ஐந்து நிமிடம்தான் ஆபத்து. எழும் ஆசை அநேகமாக ஐந்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை: "அண்ணே, நான் வந்தா கேக்காம எடுத்து வெக்காதீங்க. சில்லறைக்குக் கடலை மிட்டாய் குடுங்க." வழக்கமாக வருகிறவருக்கு, கேட்பதற்கு முன்பே அவர் பிராண்டை எடுத்து வைப்பது கடைக்காரர்களின் அன்பு. அந்த அன்பைத்தான் திருப்பிவிட வேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, பசங்களை விடாமல் விட முடியுமா என்பது. பசங்களை விடவே வேண்டாம். ஆனால் செட்டு மொத்தத்திடமும் ஒரே நேரத்தில் அறிவிக்காதீர்கள். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் சொன்னால் ஒருத்தன் கிண்டல் செய்வான், மீதிப் பேர் சிரிப்பார்கள், உங்களுக்கு ரோஷம் வரும், அதோடு சரி. எல்லார் பேச்சையும் அடக்கக்கூடிய ஒருவன் எல்லாச் செட்டிலும் இருப்பான். அவனைத் தனியாகப் பிடியுங்கள். "மச்சான், நான் மறுபடி உட்டுட்டேன். எனக்கு நீ ஒரு ஒத்தாசை பண்ணணும். யாரும் என் கையில குடுக்கக் கூடாது. நானே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இறந்தவரின் மகன், உங்கள் நண்பன், அவனே அந்த ஆளாக இருக்கலாம். தன் அப்பா சாவில் நீங்கள் மறுபடி தொடங்கினீர்கள் என்று அவனுக்குத் தெரிந்தால், வேறு யாரையும்விட அவன் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்வான்.

நீட்டும்போது சொல்வதற்கு ஒரே ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். "வோணாம் மச்சி, உட்டுட்டேன்." அதோடு நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். "டாக்டர் சொன்னாரு, இருமல் இருக்கு, இப்போதைக்கு வேணாம்" என்று காரணம் சொல்லப் போனால், "இன்னா நோவு? ஒண்ணு பிடிச்சா இன்னா ஆயிடும்?" என்று பேச்சு வளரும். காரணம் சொன்னால் வாதம் வரும். "குறைச்சுக்கிட்டேன்" என்றும் சொல்லாதீர்கள், குறைத்தவனுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று அர்த்தமாகிவிடும். இரண்டு மூன்று வாரம் ஒரே பதிலைக் கேட்டால் நீட்டுவது தானாக நின்றுபோகும். கேரம் கிளப்பில் இது இன்னும் எளிது. போர்டில் உட்கார்ந்து ஆடுகிறவன் கை ஓயாது. ஆட்டம் முடிந்து அடுத்தவனுக்கு இடம் விட்டுவிட்டு வெளியே வந்து நிற்கும்போதுதான் வரும். அப்போது வெளியே வராமல் உள்ளேயே ஸ்கோர் பாருங்கள்.

குடியில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விட்டவர்கள் மறுபடி தொடங்கும் இடங்களில் குடி முன்னால் நிற்கிறது. எடுத்த முடிவை நினைவில் பிடித்து வைத்திருக்கும் புத்தியைத்தான் சரக்கு முதலில் தளர்த்துகிறது. அதற்குமேல் பாரில் சுற்றிலும் புகை, கையில் சைட் டிஷ், எதிரில் பாக்கெட். இரண்டு கட்டிங் போன பிறகு எந்தப் பதிலும் நினைவுக்கு வராது. முதல் ஒரு மாதம் குடியே வேண்டாம். அது முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், சிகரெட்டோடு சேர்த்து அதைப் பற்றியும் டாக்டரிடம் பேச வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாவு வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், நம் பக்கத்தில் அதைத் தவிர்க்க முடியாது. ராத்திரி முழுக்க ஷாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அழுது முடித்த ஆண்கள் தெருமுனைக்குப் போகிறார்கள். ஒருவருக்கு ஒருவர் ஆறுதல் சொல்ல வார்த்தை வராத இடத்தில் சிகரெட்டை நீட்டுகிறார்கள். அந்த நேரத்தில் மறுப்பது மரியாதைக் குறைவாகப் படும். அதனால் அங்கே சும்மா உட்காரும் ஆளாகப் போகாதீர்கள், வேலை எடுத்துக்கொண்டு போங்கள். ஐஸ் பெட்டி சொல்வது, வெளியூர்ச் சொந்தக்காரருக்குப் போன் போடுவது, வருகிறவர்களுக்குத் தண்ணீரும் டீயும் கொடுப்பது, பூ வண்டி, மூலக்கொத்தளமோ காசிமேடோ சுடுகாட்டு ஏற்பாடு, எத்தனையோ வேலை கிடக்கும். கை ஓயாமல் இருப்பவனிடம் யாரும் நீட்டுவதில்லை. துக்கத்தில் ஒருவர் உங்களிடம் நீட்டினால் பாக்கெட்டைப் பார்க்காமல் அவர் கையையோ தோளையோ பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது அதுதான். சட்டைப் பையில் கம் இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கண் எரிய ஆரம்பித்தால் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வாருங்கள். நீங்கள் விழுந்ததும் அந்த நேரத்தில்தான்.

கல்யாண வரவேற்பில் மண்டபத்துக்கு வெளியே பைக் நிறுத்தும் இடத்துக்குப் போகாமல் இருந்தாலே பாதி தீர்ந்தது. யார்டில் டிரெய்லர் வரிசையில் காத்திருக்கும் நேரம் வேறு மாதிரி, அங்கே யாரும் நீட்ட மாட்டார்கள், சலிப்புதான் நீட்டும். தண்ணீர், வறுத்த கடலை, போனில் யாரோடாவது பேச்சு, இவற்றில் ஒன்றை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் மறைக்காதீர்கள். சட்டை வாசனையில் அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். முதல் இரண்டு வாரம் சிடுசிடுப்பாக இருப்பேன், பதிலுக்குப் பதில் பேசாதே, "உன்னால முடியாது" என்று மட்டும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்புண், மலச்சிக்கல், கொஞ்ச நாள் கூடுதல் இருமல் வரலாம், போய்விடும். சில கிலோ எடை ஏறலாம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய காலத்து ஆட்கள் சொல்வதைக் கேட்டுப் பீடிக்கு மாறாதீர்கள். பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது, தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவில்லாமல் உள்ளே போகும். ஹான்ஸ், மாவா, உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் எதுவும் சிகரெட்டுக்கு மாற்று ஆகாது. வாய்ப் புற்றுநோய்க்கு நேரான வழி அது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், சளியில் ரத்தம், எடை குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நெஞ்சகப் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன, ஓட்டேரியில் அரசு நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மையத்தில் 2002-லேயே புகையிலை நிறுத்த ஆலோசனை தொடங்கினார்கள். எதற்கும் போக நேரமில்லை என்றால் 1800-11-2356-க்குப் போன் செய்யுங்கள். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நீங்கள் வாங்கும் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். அவர்களே திரும்ப அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். உங்கள் செட்டுக்கு வெளியே, உங்களை எடை போடாத ஒரு குரல் அது.

உங்கள் வயதுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டு தொடர்ந்து கவனித்த டோல், பீட்டோ ஆய்வின் முடிவு 2004-ல் வந்தது. தொடர்ந்து பிடிப்பவர்களுக்குச் சராசரியாக 10 ஆண்டு ஆயுள் குறைகிறது. 40 வயதில் நிறுத்தினால் அதில் 9 ஆண்டைத் திரும்பப் பெறலாம், 50 வயதில் 6, 60 வயதில் 3. உங்களுக்கு 38. எவ்வளவு நல்ல இடத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

கடைசியாக, கார்த்திகை வரை பொறுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இந்த வாரத்திலேயே ஒரு நாளைக் குறியுங்கள், சம்பள நாளும் நைட் ஷிஃப்ட்டும் இல்லாத நாளாக. அதற்கு முன்தினம் கம் வாங்கி வையுங்கள், வீட்டில் இருக்கும் பாக்கெட்டையும் லைட்டரையும் தூக்கிப் போடுங்கள், அந்த ஒரு நண்பனிடம் பேசிவிடுங்கள். இப்போது விட்டால் தவிப்பான முதல் வாரங்கள் மாலை போடுவதற்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒரு மண்டலம் ஊரே உங்களைக் காக்கும். அதற்குள் மூளையும் தன் பழைய நிலைக்கு வந்திருக்கும். மலைக்குப் போய்த் திரும்பும் வேனில், இன்னும் மாலை கழுத்தில் இருக்கும்போதே, கூட வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு மாலை கழட்டினாலும் எனக்கு நீட்டாதீங்கப்பா." கழட்டும் அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடைக்குப் போகாமல் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் கோயிலுக்கோ கடற்கரைக்கோ போய்விடுங்கள். மறுநாள் காலையில் கடைக்குப் போகும்போது அந்த நண்பனை உங்களுக்கு முன்னால் அங்கே வந்து நிற்கச் சொல்லுங்கள்.